கொடுவா இருக்கா?

"கொடுவா இருக்கா?"

"இருக்குங்கய்யா. காலையில பட்டினச்சேரி போயி வாங்கியாந்தது. கொழம்பா, வறுவலா?"

"இருக்கா? அப்ப வேணாம்" என்று சொல்லிவிட்டுப் பிலோமின்ராஜ் விறுவிறுவென்று வெளியே நடந்தார். கடைக்காரர் கையில் இலையோடு திருதிருவென்று விழித்தார். பின்னால் நின்ற மகள் ஆன்லின் அவரைவிட அதிகமாக விழித்தாள்.

இது மூன்றாவது கடை. வேளாங்கண்ணிக்குப் போய்விட்டுக் கும்பகோணம் திரும்புகிற வழியில், காரைக்காலில் ஒரு நாள் தங்கி, அப்பா அம்மாவுக்கு நல்ல மீன் சாப்பாடு வாங்கித் தருவது அவள் ஏற்பாடு. ஏசி ஓட்டல் என்றால் அம்மாவுக்குச் சோறு இறங்காது. இலை போட்டு, கேட்கக் கேட்கக் குழம்பு ஊற்றுகிற சின்ன மெஸ்தான் வேண்டும். போனில் தேடி ஒன்று, லாட்ஜ்காரர் சொல்லி ஒன்று, ஆட்டோக்காரர் பஞ்சநாதன் சத்தியம் பண்ணி ஒன்று என்று பார்த்தாகிவிட்டது. மூன்றிலும் அப்பாதான் முந்திக்கொண்டு உள்ளே போனார். அதே கேள்வியைக் கேட்டார். இருக்கிறது என்றதும் திரும்பிவிட்டார்.

அம்மா ஞானமேரி முட்டிவலியால் ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. "இதுவும் சரியில்லையாமா?" என்று கேட்டுச் சிரித்தாளே தவிர, பசிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஐயாவுக்கு என்னதான்மா வேணும்?" பஞ்சநாதன் தாங்கமாட்டாமல் கேட்டார். "கொடுவா கேக்குறாரு. இருக்குன்னா ஓடியாந்துடுறாரு."

"அதாங்க எனக்கும் புரியல. வேற கடை இருந்தா போங்க."

போன வாரம்தான் அண்ணன் ஜாக்சன் போனில் சொல்லியிருந்தான். "அப்பாவுக்கு மறதி வந்துடுச்சு ஆன்லின். வண்டிய பெட்ரோல் பங்க்லயே விட்டுட்டு நடந்து வீட்டுக்கு வந்திருக்காரு. அம்மா மட்டும் தனியா எப்படிச் சமாளிப்பாங்க? அப்பா எங்கூட ஓசூர்ல இருக்கட்டும், அம்மாவ நீ வச்சுக்க. எதுக்கும் இந்தப் பயணத்துல நல்லா கவனிச்சுப் பாத்துச் சொல்லு, முடிவு பண்ணிடுவோம்."

நாற்பத்தைந்து வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களை ஆளுக்கொருவராகப் பங்கு போடுவதா என்று அன்றைக்கே அவளுக்கு ஆத்திரம் வந்தது. இன்றைக்கு அந்த ஆத்திரம் போய்ப் பயம் வந்துவிட்டது. ஒரு மீனைத் தேடி அலைந்து, கிடைத்ததும் வேண்டாம் என்கிற மனிதரைப் பற்றி அண்ணனுக்கு என்னவென்று சொல்வாள்?

நான்காவது கடை தலத்தெருப் பக்கம் தகரக் கூரை போட்ட இடம். மொத்தமே நாலு மேசை.

"கொடுவா இருக்கா?"

"இன்னிக்குக் கெடைக்கலீங்க. கெழங்கான் வறுவல் இருக்கு, சுறாப் புட்டு இருக்கு, எறா தொக்கு..."

"அப்பாடா! மூணு இலை போடுங்க" என்ற அப்பாவின் முகம் மலர்ந்தது. "பாப்பா, ஓடு. அம்மாவக் கையப் புடிச்சுக் கூட்டியா!"

அம்மா ஒரு பிடி பிடித்தாள். அப்பா கிழங்கானில் முள் எடுத்து எடுத்து அவள் இலையில் வைத்துக்கொண்டே இருந்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போன இடத்தில் ஆன்லின் அவரை மடக்கினாள்.

"கொடுவா இருக்குற கடையெல்லாம் ஏன்ப்பா வேணாம்னீங்க?"

அவர் அம்மாவை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "மெதுவா பேசு. ஒங்கம்மாவுக்குக் கொடுவான்னா உசுரு. ஒனக்கு மூணு வயசுல மூளைக்காய்ச்சல் வந்துச்சு. டாக்டரே கைய விரிச்சுட்டாரு. புள்ளையக் குடு, இனிமே கொடுவாவத் தொடமாட்டேன்னு மாதாகிட்ட நேந்துக்கிட்டா. முப்பத்தோரு வருசம் ஆச்சு, வாயில வச்சதில்ல. அவ கண்ணு முன்னாடி அடுத்த மேசையில ஒருத்தன் திங்கலாமா, சொல்லு?"

வீட்டில் கொடுவா வாங்கியதே இல்லை என்பது அப்போதுதான் ஆன்லினுக்கு உறைத்தது. இவருக்கா மறதி?

அப்பா பஞ்சநாதனைச் சாப்பிடக் கூப்பிட வெளியே போனார். அவள் அங்கேயே நின்று அண்ணனுக்குச் செய்தி அனுப்பினாள். 'அப்பாவுக்கு ஒரு மறதியும் இல்லை. முப்பது வருஷக் கதையைக்கூட அப்படியே சொல்றாங்க. ரெண்டு பேரும் சேர்ந்தே இருக்கட்டும்.' அனுப்பிவிட்டு ஓடிப்போய் அம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டாள்.

"எனக்காகக் கொடுவாவ விட்டுட்டியாமே! ஒரு தடவகூடச் சொன்னதில்லையேம்மா. அப்பா இப்பதான் சொன்னாங்க. இனிமே ஒங்க ரெண்டு பேரையும் யாரும் பிரிக்க முடியாது. அண்ணனுக்கு அனுப்பிட்டேன்."

ஞானமேரி இலையை மடித்தாள். வாசலில் அப்பாவின் குரல் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"எனக்குக் கொடுவா என்னிக்குமே புடிக்காதுடி. கொடுவான்னா உசுர விட்டது ஒங்கப்பாதான். ஒனக்காக மாதாகிட்ட நேந்துக்கிட்டதும் அவருதான். ஒரு வருசமாத்தான் அது என் வேண்டுதல்னு மாத்தி நெனச்சுக்கிட்டு இருக்காரு. நானும் திருத்தல."

ஆன்லின் பதறிப்போய் போனை எடுத்தாள். அம்மா இடது கையால் அதை மூடினாள்.

"அழிச்சிடாதடி. அனுப்புனது அனுப்புனதாவே இருக்கட்டும்."