பொட்டு வைக்காத கட்டை

ஆயுத பூஜைக்குப் பட்டறையைச் சுத்தம் செய்தபோது என் வேப்பங்கட்டையை முதலாளி சங்கரலிங்கம் குப்பையோடு சேர்த்து வாசலில் கொளுத்திவிட்டார். ஸ்பேனர், ஜாக்கி, ஏர் கன் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். கட்டை மட்டும் அவர் கண்ணுக்கு விறகாகத் தெரிந்திருக்கிறது.

மறுநாள் முதல் காரே பின்பக்க டிஸ்க் பிரேக் இறுகிப்போய் வந்தது. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். உள்ளே பிஸ்டன் துருப்பிடித்து அசையவில்லை. அதை வெளியே தள்ளக் காற்றடிக்க வேண்டும். துருவின் பிடி தளர்ந்த கணமே அது குண்டுபோலத் தெறித்து வரும். அந்த அடியை வாங்கத்தான் எதிரே கட்டை வைப்பேன். அதிலிருந்த வட்டத் தழும்புகள் ஒவ்வொன்றும் என் விரலில் விழுந்திருக்க வேண்டியவை.

"கட்டை இல்லாம காத்தடிக்க மாட்டேன், மொதலாளி."

"கட்டைக்கும் ஒரு பொட்டு வச்சிருக்கணுமோ? துணியச் சுத்திக் கையால புடிலே. கஸ்டமர் நிக்காரு. பயந்தாங்கொள்ளிக்கெல்லாம் எதுக்குலே பட்டறை வேலை?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துணியை மடித்து அவர் கையில் திணித்தேன். அந்தக் கையைப் பிடித்திழுத்துக் காலிப்பரின் வாய்க்கு நேராக வைத்தேன். குங்குமம் அழியாத ஏர் கன்னை அதன் பின்பக்கத் துளையில் செருகி, விசையில் விரல் வைத்தேன்.

"நல்லாப் புடிச்சுக்கிடுங்க. அடிக்கப்போறேன்."

அவர் துணியைக் கீழே விட்டுவிட்டு, வாசலில் கிடந்த சாம்பலைப் பார்த்தார்.