அழிக்க வேண்டிய விலாசம்

"கார் மேப்ல ஒரே ஒரு விலாசத்தை அழிக்கணும் பாய். என் ஹஸ்பெண்ட் நாலு மணிக்கு தாதர்ல ரயிலை விட்டு இறங்கறதுக்குள்ளே. இதே வண்டியிலதான் அவரை அழைச்சுண்டு வரணும்."

அபுதாஹிர் நிமிர்ந்து வந்தனாவைப் பார்த்தான். தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டில் பத்து வருஷமாகக் கார் ஸ்டீரியோவும் திரையும் மாட்டுகிறவன். பெண்டாட்டிக்குத் தெரியாமல் எதையாவது அழிக்கச் சொல்லி வரும் ஆண்களை நிறையப் பார்த்திருக்கிறான். ஒரு பெண் வருவது இதுதான் முதல் தடவை.

"இது ஜகந்நாதன் சார் வண்டில்லா? நான்தானே ஸ்க்ரீன் மாட்டினேன். டெலீட் நீங்களே அமுக்கலாமே மேடம்?"

"அமுக்கினா கேட்கலையே! கார்த்தால வாயால விலாசம் சொன்னேன், உடனே எடுத்துண்டுது. அழிக்கப் போனா, கீழ்ப் பக்கம் டச்சே இல்லை."

"சலோ, பாக்கேன்."

டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். போன இடங்களின் பட்டியல் திரையில் வந்தது. மாதுங்கா வீடு, அந்தேரி ஆபீஸ், எல்லாவற்றுக்கும் மேலே கல்யாணில் ஏதோ ஒரு ஹவுசிங் சொசைட்டி. அதன் பக்கத்தில் நேரம்: இன்று காலை ஒன்பதே கால் மணி.

ரிப்பேருக்கு முன் ஒரு போட்டோ, பின் ஒரு போட்டோ. அது கடை வழக்கம். கிளிக் செய்து, ரிப்பேர் கார்டு எழுதிக்கொண்டிருந்த மனைவி ஃபர்ஸானாவிடம் போனை நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டு கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்த ஏ.சி. அறைக்குள் போனாள்.

"சார் தங்கமான ஆளு மேடம்" என்றான் குத்தலாக. "ஒவ்வொரு பெருநாளைக்கும் மறக்காம ஸ்வீட் குடுத்து விடுவாரு."

"ஆமா. வெளியில எல்லாருக்கும் ஸ்வீட்தான்."

திரையை அணைத்துப் போட்டுப் பார்த்தான். துணியால் துடைத்துப் பார்த்தான். மேல் பாதி விரலுக்குக் கட்டுப்பட்டது. கீழ் வரிசை மரக்கட்டை போல் கிடந்தது. ரீசெட் பட்டனும் அந்த வரிசையில்தான் இருந்தது. மணி மூன்று பத்து.

வேறு வழியில்லாமல் பேனலை நெம்பிக் கழற்றினான். சட்டத்தின் கீழ் மூலையில் இரண்டு கொக்கிகள் உடைந்திருந்தன. டச் கண்ணாடியின் உள்பக்கம் சிலந்தி வலை மாதிரி விரிசல்.

"வெயில்ல போயிருக்கும்னு நெனச்சேன். இது அடிபட்டதுல்லா? யாரோ ஓங்கிக் குத்தியிருக்காவ."

வந்தனா தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு டெம்போ ஹாரன் அடித்துக்கொண்டே கடந்து போனது.

"என் மேல விழ வேண்டியது" என்றாள். "நான் குனிஞ்சுட்டேன்."

அவன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான்.

"எனக்குப் பழகிப் போச்சு பாய். ஆனா போன வாரம் என் பொண்ணு மேல கை வெச்சார். பன்னெண்டு வயசு. கார்த்தால அவளைக் கல்யாண்ல என் சிநேகிதி வீட்டில விட்டுட்டு வந்தேன். அவர்கிட்ட ஸ்கூல் கேம்ப்னு சொல்லியிருக்கேன். நாளைக்கு பாங்க் திறந்ததும் லாக்கர்ல இருக்கற சர்டிபிகேட்டை எல்லாம் எடுத்துண்டு நானும் போயிடுவேன். அதுவரைக்கும் அந்த சொசைட்டி பேர் அவர் கண்ணுல படக் கூடாது. பட்டா இன்னிக்கே போய்க் கதவை உடைச்சு அவளை இழுத்துண்டு வந்துடுவார்."

அபுதாஹிரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மன்னிச்சிருங்கக்கா. நான் வேற மாதிரி நெனச்சிட்டேன்."

வேறொரு வண்டிக்காக வாங்கி வைத்திருந்த டச் கண்ணாடியை எடுத்து வந்தான். நாடா போன்ற ஒயரைச் சொருகினான். இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை உட்கார்ந்தது. திரை வெளிச்சமானது.

"நீங்களே அமுக்குங்கக்கா" என்று இறங்கி அவளுக்கு இடம் விட்டான்.

வந்தனா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து விரலை வைத்தாள். 'அழிக்கவா?' என்று கேட்டது திரை. மறுபடி வைத்தாள். கல்யாண் காணாமல் போனது. வீடும் ஆபீசும் மட்டுமே மிஞ்சின.

அவள் ஸ்டீயரிங்கில் நெற்றியைச் சாய்த்து ஒரு நிமிஷம் அப்படியே இருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பர்ஸைத் திறந்தாள்.

"அதெல்லாம் வேண்டாம்க்கா. மணி மூணே முக்காலு. கெளம்புங்க, லேட்டானா அதுக்கும் கேள்வி கேப்பாரு."

கண்ணாடிக் கதவு திறந்தது. ஃபர்ஸானா கார்டும் கையுமாகச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"லிஸ்ட் அழிஞ்சிட்டுதேன்னு டென்ஷன் ஆகாதீங்க மேடம், முதல்ல எடுத்த போட்டோவைக் கார்டுல இருக்க சார் நம்பருக்கு அப்பவே அனுப்பிட்டேன், பாத்துட்டாரு!"