மூன்றாவது ரீபோர்

காடுமேடெல்லாம் ஓடும் அந்த டூ-ஸ்ட்ரோக் ஏ.டி.வி. வண்டியின் சிலிண்டர், தேய்ந்த உள்சுவரைக் கடைந்து அகலமாக்கும் ரீபோருக்காக மூன்றாவது முறையாக லேத் பட்டறைக்கு வந்தது. கத்தி உள்ளே இறங்கிச் சுரண்டியது.

"இதுக்கு மேல கடைய உன் உடம்புல சதை இல்லப்பா," என்றது கத்தி.

வண்டியில் மாட்டியதும் புது பிஸ்டன் பளபளவென்று உள்ளே வந்து உட்கார்ந்தது.

"எனக்கு முன்னாடி இருந்தவங்க எங்கண்ணே?"

"மூணு பேரும் காய்ஞ்சு, வெந்து, என்னைக் கிழிச்சுக்கிட்டே செத்தாங்க தம்பி. பெட்ரோலோட ஆயில் கலந்து ஊத்தினா நாம ரெண்டு பேரும் பிழைச்சோம்."

வண்டி நேராகப் பெட்ரோல் பங்குக்குப் போனது. சிலிண்டர் காதைத் தீட்டிக்கொண்டது.

"ஆயில் எவ்வளவுங்க கலக்கணும்?" என்றார் பங்குக்காரர்.

"ஆயில் எதுக்கு? இப்பத்தானே புதுசா ரீபோர் பண்ணியிருக்கேன்!" என்றார் வண்டியின் முதலாளி.

"என்னண்ணே சொல்றாரு?" என்றது பிஸ்டன்.

கத்தி மிச்சம் வைத்த மெல்லிய சுவரைச் சிலிண்டர் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டது.