அஞ்சு போர்ட் போதும்

"கம்ப்யூட்டர்களை இணைக்க எட்டு போர்ட் ஸ்விட்சே வாங்கிடலாம்டா," என்றான் கோர்னெல்.

"துப்பாக்கி ஆட்டம் ஆடுறது நாம அஞ்சு பேர். காலி போர்ட் இருந்தா கண்டவனும் வந்து கேபிளைச் சொருகுவான்," என்று ஐந்து போர்ட் ஸ்விட்சையே வாங்கினான் ஒவிடியு.

புக்கரெஸ்டின் அந்த அடுக்குமாடியில் ஐந்து வீட்டுக் கணினிகளிலிருந்தும் ஜன்னல் வழியே கேபிள்கள் மொட்டைமாடியில் வைத்த ஸ்விட்சுக்கு ஏறின. மூன்றாம் நாளே குடியிருப்போர் சங்கத் தலைவி அக்லாயா கத்தரிக்கோலோடு அந்த ஐவர் முன் வந்து நின்றார்.

"வெட்டிடாதீங்க ஆன்ட்டி!" கெஞ்சினான் ஒவிடியு.

"ஒரு போர்ட் கூடவா காலி வைக்கல? உங்கள்ல மட்டமா ஆடுறவன் யாரு?"

நான்கு விரல்கள் ஒவிடியுவைக் காட்டின.

"உன் கேபிளை உருவு."

பையிலிருந்து புதுக் கேபிள் சுருளை எடுத்து, அதைக் கட்டியிருந்த நாடாவை நறுக்கினார் அக்லாயா.

"என்னோடதைச் சொருகு. இந்த நாலு பேரையும் இன்னைக்குச் சுட்டுத் தள்ளுறேன்."