முறைப்பு

ஒரு காலத்தில் செருப்பைக் கழற்றி வீசிவிட்டுப் பாடிக்கொண்டே ஆடிய ரெனீட்டா, இப்போது டிவி பாட்டுப்போட்டிக்கு நடுவர். போட்டி தொடங்கும் முன்பே, அவள் காலி மேடையைப் பார்த்துச் சிரிப்பதையும் கைதட்டுவதையும் படமெடுத்து வைத்துக்கொண்டார்கள்.

"அப்படியே கொஞ்சம் அழுதுருங்க மேடம்," என்றான் இயக்குநர்.

"இன்னும் யாருமே பாடலையேப்பா!" என்று முறைத்தாள். அதையும் எடுத்துக்கொண்டார்கள்.

அன்று தேன்மலர் என்ற சிறுமி ரெனீட்டாவின் பழைய பாட்டைப் பாடினாள். கேமரா திரும்பாத இருட்டில் உட்கார்ந்திருந்த ரெனீட்டா நிஜமாகவே அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை டிவியில், அந்தப் பாட்டுக்கு நடுவே வந்தது முறைப்பு. குழந்தையைப் பார்த்து வயிறெரிகிறாள் என்று ஊரே ஏசியது.

அடுத்த வாரம் தேன்மலர் வரவில்லை. இயக்குநர்தான் சிரித்தபடி வந்தான்.

"உங்க முறைப்பு செம ஹிட்டு மேடம். இன்னிக்கும் ஒண்ணு குடுங்க."

"கேமரா ஓடுதா?" என்று கேட்டபடி ரெனீட்டா குனிந்து செருப்பைக் கழற்றினாள்.