தங்க விளிம்பு

பிரசங்கம் முடிந்ததும் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் எழுந்து நின்றார். “பொழுது சாயறதுக்குள்ள கோபத்தை விட்டுடணும்னீங்களே பாஸ்டர், அது பைபிள்ல எங்க இருக்கு? சொந்தச் சரக்கையெல்லாம் இங்க விக்காதீங்க!”

சபையே திரும்பிப் பார்த்தது.

“எபேசியர் நாலாம் அதிகாரம்ணே. உங்க பைபிள்லயே பாருங்க.”

கல்யாணத்தில் மாமனார் தந்த, வாராவாரம் தான் கக்கத்தில் இடுக்கி வரும் பைபிளைக் கடைக்காரர் ஜம்பமாகத் திறந்தார். தங்க முலாம் பூசிய தாள் ஓரங்கள் புத்தம் புதிதுபோல் ஒட்டிக்கிடந்து, ‘சர்ர்’ரென்று பிரிந்தன. பக்கத்தில் இருந்த அவருடைய காலேஜ் மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஈரக் காத்துல ஒட்டிக்கும்ணே, என்னோடதும் அப்படித்தான்,” என்று சபைக்குக் கேட்கும்படி சொன்ன பாஸ்டர், இறங்கி வந்து தன்னுடையதை நீட்டினார். “இதுல பாருங்க.”

கடைக்காரர் வாங்கிப் புரட்டினார். விரல் பட்டுப் பட்டு, அதன் ஓரத்தில் ஒரு பொட்டுத் தங்கம்கூட மிச்சமில்லை.