அரை டிகிரி

மூன்று வருடம் உயிரைக் கொடுத்துச் செய்த எரிபொருள் வில்லையை, வெப்பம் அளக்கும் கலோரிமீட்டரின் இரும்புக் குப்பிக்குள் வைத்து, இறுக மூடி, தண்ணீரில் இறக்கி, சோதிக்க வந்த அதிகாரியின் முன்னால் பற்றவைக்கும் பட்டனை அழுத்தினான். உள்ளே எரிந்தால் வெளியே தண்ணீர் சூடாக வேண்டும்.

சூடு ஏறவில்லை. பதறிப்போய்த் தண்ணீரைக் கலக்கும் மோட்டாரின் வேகத்தைக் கூட்டினான், மேலும் கூட்டினான். அரை மணி நேரத்தில் அரை டிகிரி.

“எங்கயோ கசியுது சார்! இன்னொரு தடவை...”

“இதுல இருக்கிறதே அவ்வளவுதாம்ப்பா.” அதிகாரி ‘உதவாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியேறினார்.

தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். உதவிக்கு நின்றிருந்த அவன் மனைவி குப்பியைக் கழுவத் திறந்ததும் அலறினாள்.

“ஐயோ, வில்லை அப்படியே இருக்குங்க! பத்தவைக்கிற கம்பியை நீங்க மாட்டவே இல்ல!”

“அப்ப அந்த அரை டிகிரி?”

“நீங்க கலக்கின கலக்கல்ல வந்த சூடு!”

வாசலில் அதிகாரியின் கார் கிளம்பும் சத்தம் கேட்டது.